சார்ந்து நிற்கும் உயிர்

சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று, சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலினின்று புறப்பட்டு, நகரத்தார் 1859-இல் டேங்க் ரோட்டில் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயிலை நோக்கி, காவடியின் பாரத்தால் உடல் முன்சாய நடந்துசெல்லும் பக்தர்களைக் காணுங்கால், மனிதன் இறைவன்பால் தானே சாய்கின்றானா, அன்றி ஈர்க்கப்படுகின்றானா என்னும் பழைய வினா எழாமற்போகாது. (முருகனடியார் திருமாலின் வாசலிலிருந்து புறப்படுவதை இவ்வூரில் எவரும் விநோதமாகக் கருதுவதில்லை.)

இவ்வினாவுக்கு விடையாக, வைணவத்துள் வேதாந்த தேசிகர் வழியினர், அருள் பெற ஜீவனின் பங்காக அற்ப வியாஜமேனும், அதாவது ஒரு சாக்கேனும், வேண்டுமென்பர். பிள்ளை லோகாசாரியர் வழியினரோ, அருளுக்கு ஹேது, அதாவது காரணம், எதுவும் வேண்டா என்பர். எனக்கு இவ்விரண்டினும் ஆழமாகத் தோன்றுவது, பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிறுவிய சைவ சித்தாந்தக் கொள்கையே. ஆத்மா எக்காலத்தும் தனித்து நிற்க வல்லதன்று. அருகிலுள்ள பொருளின் நிறத்தை ஏற்கும் ஸ்படிகம்போல, உயிரை மறைக்கும் மாசாகிய மலத்தைச் சார்ந்தால் மலமாகவும் சிவத்தைச் சார்ந்தால் சிவமாகவும் விளங்குவது அதன் சுபாவம். ஆகவே, இவ்வூர் வீரமாகாளியம்மன் கோயில் தூணில் சாய்ந்து கைப்பேசியைத் துழாவும் இளைஞனும் சார்பற்றவன் அல்லன். சார்ந்த பொருள்தான் வேறு.

அவ்வாறாயின், மலத்தில் அழுந்திய உயிர் மறுபக்கம் திரும்புவது எங்ஙனம்? மலத்தோடு உடன்நின்று, தன்னை மறைத்து, அதனைப் பக்குவப்படுத்தும் திரோதான சக்தியும், அதாவது மறைப்பாற்றலும், சிவத்தின் அருளேயென்று சித்தாந்திகள் விடை கூறுவர்.