பதிலாள் வழங்கும் இசைவு

மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையிலான அதிகாரப் பகிர்வு பற்றிய வாதங்கள் இலங்கையில் பெரும்பாலும் 'எவ்வளவு' என்னும் வினாவையே சுற்றி வந்துள்ளன. 1957 ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் தொடக்கம் 1987 நவம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் வரை, காணி எவர் கையில், பொலிஸ் எவர் கையில் என்பனவே பேசப்பட்டன. அளவு பற்றிய அக்கறை தவறன்று. ஆயினும் அதற்கு முற்பட்ட வினா ஒன்றுண்டு. அதிகாரத்தில் பங்குடையவர் எனப்படுபவர் 'இசையேன்' எனச் சொல்ல வல்லவரா? அவ்வாறு சொல்வதற்கு அவர் அவையிலேயே இல்லாத வேளையில், அவருக்காக மற்றொருவர் 'இசைந்தேன்' எனலாமா?

இது வெறும் ஏட்டு வினாவன்று. 2012 இல் 'வாழ்வின் எழுச்சி' எனத் தமிழிலும் 'திவிநெகும' எனச் சிங்களத்திலும் பெயரிய சட்டமூலம் ஒன்றை அரசாங்கம் கொண்டுவந்தது. சமுர்த்தி அதிகாரசபை முதலிய அமைப்புகளை ஒரே திணைக்களத்தின் கீழ்க் கொணர்வது அதன் நோக்கம். மாகாணங்களுக்குரிய விடயங்களையும் அது தொட்டமையால், ஒவ்வொரு மாகாண சபையின் கருத்தும் பெறப்படவேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அரசியலமைப்பின் 154 எ உறுப்புரையின் ஏற்பாடும் அதுவே: எல்லாச் சபைகளும் இசைந்தால் சாதாரண பெரும்பான்மை போதும், ஒன்றேனும் இசையாவிடின் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். எட்டு மாகாண சபைகள் இசைந்தன. ஒன்பதாவதான வட மாகாணத்திலோ தெரிவுசெய்யப்பட்ட சபையே அப்போது இருக்கவில்லை. ஆதலின் வடக்கின் பெயரால் ஆளுநர் இசைவு வழங்கினார்.

ஆளுநரின் செயலை ஆதரிப்போரின் நியாயத்தையும் செவிமடுத்தல் வேண்டும். சபை இல்லை என்பதற்காக ஆட்சி நின்றுவிட முடியாது. வறிய குடும்பங்களுக்கான திட்டம் காத்திருக்கலாகாது. வயது வராத பிள்ளைக்காகப் பாதுகாவலர் கையொப்பம் இடுவது உலக வழக்கன்றோ என்பர். உவமை பொருத்தமானது போலத் தோன்றும். ஆனால் பாதுகாவலர் பிள்ளையின் நலத்துக்குக் கட்டுப்பட்டவர். பிள்ளையின் சொத்தை வாங்க வந்தவரால் நியமிக்கப்பட்டவர் அல்லர். ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. சனாதிபதி விரும்பும் வரையே அவர் அப்பதவியில் இருப்பார். சட்டமூலத்தை மாகாண சபைகளுக்கு அனுப்பவேண்டியவரும் சனாதிபதியே. கேட்டவர் எவரோ அவரால் நியமிக்கப்பட்டவரே விடை சொல்கின்றார். மலையை நோக்கிக் கூவியவன் தன் குரலே திரும்பி வரக் கேட்டு, மலை உடன்பட்டது என மகிழ்வதை இது ஒக்கும். மேலும், பிள்ளைக்கு வயது வராமை இயற்கை. வடக்கில் சபை இல்லாமை ஆட்சியாளர் தேர்தல் நடத்தாமையால் விளைந்தது. தாம் விளைவித்த இன்மையையே தமக்கு வாய்ப்பாகக் கொள்வது எந்த அறநூலுக்கும் உடன்பாடாகாது.

உயர் நீதிமன்றமும் 2012 நவம்பரில் சபையின் இடத்தில் ஆளுநர் நின்று இசைவு வழங்க இயலாது எனத் தீர்மானித்தது. அதன் பயன் சிறிதே எனலாம். 2013 ஜனவரி 8 ஆம் திகதி மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் சட்டமூலம் நிறைவேறியது. அதே மாதத்தில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க குற்றப்பிரேரணை மூலம் பதவி நீக்கப்பட்டார். எனினும் வடக்கின் மௌனம் சம்மதமாக எழுதப்படவில்லை. விருப்பத்துக்கு மாறாக ஒன்றைச் செய்வதும், செய்துவிட்டு விரும்பியே தந்தனர் என்று பதிவதும் ஒரே தீங்கல்ல. முன்னையது அதிகாரத்தைப் பறிக்கின்றது. பின்னையது ஆளையே இல்லாமற் செய்கின்றது.

யாழ்ப்பாணச் சமூகத்துக்கு இந்நியாயம் புரியாததன்று; தேசவழமையை உடைய மண் இது. ஆனால் அவ்வழமையே சங்கடமான ஒன்றையும் நினைவூட்டுகின்றது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் பெயரிலுள்ள சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என விதித்தது. உடைமை அவளுடையது, கையொப்பம் மற்றவருடையது. மாகாண சபை ஆக்கிய நியதிச் சட்டம் ஆளுநரின் சம்மதத்துக்காகக் காத்து நிற்பதைக் கண்டு கொதிப்போர், தம் வீட்டு உறுதிகளில் இதே ஒழுங்கு இருப்பதை எளிதிற் காண்பதில்லை. இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. கணவன் நியாயமின்றிச் சம்மதம் மறுப்பின், அல்லது அவன் இருப்பிடமே தெரியாதெனின், மாவட்ட நீதிமன்றம் அச்சம்மதத்தை வழங்கலாம் என அச்சட்டம் இடமளித்தது. பதிலாள் இசைவு வழங்குதல் எப்போதுமே பிழை என்பதில்லை. அப்பதிலாள் காணியை வாங்க வந்தவரின் ஆளாக இருத்தலே பிழை. பழைய கட்டளைச் சட்டம் ஒன்று கண்ட இந்த வேறுபாட்டை 2012 இன் ஆட்சியாளர் காணவில்லை.

வட மாகாண சபைக்கான முதலாவது தேர்தல் 2013 செப்டெம்பர் 21 இல் நடந்தது. சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. அதற்கு இரு மாதங்களின் முன்னர், புதிய தேர்தல் முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் ஒருவரது ஆதரவுமின்றித் தோற்றது. அதனைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை நீக்கப்பட்டிருந்தது. புதிய முறை நடைமுறைக்கு வரவில்லை. 2019 முடிவதற்குள் மேல் மாகாணமும் தென் மாகாணமும் உட்பட ஒன்பது மாகாண சபைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலாவதியாகி, அவற்றின் நிருவாகம் ஆளுநர்களிடம் சென்றது. பல ஆண்டுகள் கடந்தும் தேர்தல் வரவில்லை. 2012 இல் வடக்குக்கு மட்டும் உரியதாயிருந்த இன்மை, காலியிலும் கண்டியிலும் உள்ள மக்களுக்கும் அவ்வாறு பொதுவாயிற்று. மாகாண விடயம் ஒன்றைத் தொடும் சட்டமூலம் அந்நிலையில் வந்தால், கருத்துக் கேட்பதற்குத் தீவின் எந்த மாகாணத்திலும் ஒரு சபை இல்லை.