விளக்கின் கடன்

மின்கட்டணம் செலுத்துகிறோம், விளக்கு எரிகிறது. கொடுக்கல் வாங்கல் அத்துடன் முடிந்ததென்றே நாம் எண்ணுகிறோம். அது அவ்வளவு எளிதில் முடிவதில்லை என்பதற்குக் கொலம்பியா நாட்டின் மெடலின் நகரம் சான்று. 1968இல் இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் கூடி ஏழைகளின் நிலையை ஆராய்ந்த நகரம் என்ற அளவில் நம்மில் பலர் அப்பெயரை அறிவோம்.

அந்நகருக்கு மின்சாரமும் குடிநீரும் வழங்கும் ஈ.பி.எம். நிறுவனம் 1955இல் தோன்றியது, மாநகராட்சிக்கே உரியது. அதன் இலாபத்தில் ஒரு பகுதி ஆண்டுதோறும் நகரின் கருவூலத்தைச் சேர்கிறது. இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் அதன் பெயரால் உயர்கல்வி நிதியொன்றும் ஏற்படுத்தப்பட்டது. நகரில் வாழும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்நிதி கல்லூரிக் கட்டணத்தைக் கடனாக வழங்கியது. நன்கு படித்துப் பட்டம் பெற்று, சமூகப் பணியும் ஆற்றியோருக்குக் கடன் தள்ளுபடியாயிற்று. ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு படித்துள்ளனர்.

இது தருமமா, உரிமையா? கல்லூரி வாசலை மிதியாத பிள்ளையின் தாயும் மின்கட்டணம் செலுத்துகிறாள். அவள் காசில் அயலார் மகனைப் படிக்கவைப்பது முறையா என்று கேட்பதில் நியாயம் உண்டு. கொலம்பியச் சட்டம் வீடுகளை ஆறு படிநிலைகளாகப் பிரிக்கிறது. மேலிரு படியினர் கூடுதலாகச் செலுத்த, கீழ்மூன்று படியினர் சலுகை பெறுகின்றனர். ஆகவே சுமை ஏழைத்தாயின் தோளில் மட்டும் விழுவதில்லை. மேலும், தனியார் நிறுவனமாயின் இலாபம் பங்குதாரரைச் சேரும். இங்கே உடைமையாளர் நகரமே. தமக்குரியதைத் தம் பிள்ளைகளுக்குத் தருவது தருமமாகாது, அது பங்கீடு.

ஆயினும் 'தமக்குரியது' என்ற சொல்லிடத்தே நாம் சற்று நிற்கவேண்டும். நகருக்குக் கிழக்கே எல் பெஞோல் என்றோர் ஊர் இருந்தது. இந்நிறுவனத்தின் நீர்மின் திட்டத்திற்காக 1978இல் பழைய ஊர் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. மக்கள் புதிய ஊருக்குக் குடியேறினர். மூழ்கிய ஊரின் நினைவாக நீர்நடுவே சிலுவையொன்று நிற்கிறது. நகரின் விளக்குக்கு அவ்வூராரும் விலை கொடுத்தனர். கல்வி நிதியோ நகரவாசிகளுக்கென வகுக்கப்பட்டது.

இக்கடனை நாட்டின் சட்டமும் ஓரளவு உணர்ந்துள்ளது. பெரிய நீர்மின் நிலையங்கள் தம் விற்பனை மதிப்பில் 6 விழுக்காட்டைச் சூழல் காப்புக்கும், ஆற்றுப்படுகை, நீர்த்தேக்கம் சார்ந்த ஊராட்சிகளுக்கும் தரவேண்டுமென 1993ஆம் ஆண்டின் 99ஆம் சட்டம் விதித்தது. பணத்தால் தீரக்கூடிய பகுதி அது. ஊரையும் கல்லறைகளையும் இழந்தோர்க்கு எந்த விழுக்காடு ஈடாகும்?

எல்லை வகுக்காமல் எந்த நகராட்சியும் நிதி நடத்த இயலாது. நன்றிக்கு அவ்வெல்லை பொருந்தாது. கடனைத் தீர்க்கச் சமூகப் பணி செய்யும் பட்டதாரி, மலையடிவாரத்துச் சிற்றூரையும் தன் நகரின் பகுதியெனக் கருதிச் சென்றால், அந்நிதி முழுநீதியை நெருங்கும். பொதுச்செலவில் படித்த நம் ஒவ்வொருவர் முன்னும் அதே கேள்வி நிற்கிறது: நம் விளக்குக்காக இருளில் நின்றவர் யார்?