கூட யார்?

டொராண்டோவில் ஒரு கருத்தரங்கு, தனியாகக் கிளம்பினேன். “கூட யாரு வர்றா?” என்றார் அம்மா. அண்ணன் துபாய் போனபோது அவர் கேட்டது, “ஊறுகாய் எடுத்து வச்சியா?”

பெண்ணோடு கடல் கடக்கும் வழக்கமில்லை என்கிறது தொல்காப்பியம். மணிமேகலை தனியே வான்வழி சாவகம் போனாள். பிக்குணிக் கோலம் பூண்ட பிறகுதான். வீட்டைத் துறந்தவளுக்கு வழி உண்டு. வீடு திரும்பப் போகிறவளுக்கு?

அம்மாவின் பயம் அன்புதான்; மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து என் உடலுக்கு என்றால், அதை எடை போட்டு முடிவெடுக்க வேண்டியவள் நான்தானே? அன்பு எச்சரிக்கலாம், அனுமதி வழங்க அதற்கு என்ன உரிமை?

விமானத்தில் அத்தனை மணி நேரமும் யாருக்கும் நான் தண்ணீர் எடுத்துத் தரவில்லை. இறங்கியதும் அழைத்தேன்.

“பயமா இருந்துச்சாடி?”

“இருந்துச்சும்மா.”

அந்தப் பயமும் என்னுடையதாகவே இருந்தது.