ஆடாமல் அளித்த தீர்ப்பு

ஒரு நூலை வாசியாமலே பழிப்பதும், ஒரு கச்சேரியைக் கேளாமலே வித்துவானுக்கு ஞானமில்லை என்று சாதிப்பதும் அதர்மம் என்பதில் எவருக்கும் ஐயமிராது. ஆனால் அதே காரியத்தை ஒரு வீடியோ கேம் விஷயத்தில் செய்யும்போது மட்டும் அது வாலிப உற்சாகமாகவும், கூட்டத்தோடு கூடிக் கூச்சலிடும் சிறு குறும்பாகவும் கருதப்பட்டு, மன்னிக்கப்பட்டுவிடுகிறது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி வெளியான ஸ்டார்ஃபீல்ட் என்னும் விளையாட்டுக்கு நேர்ந்த கதி, இந்த மன்னிப்பு எத்துணைத் தவறானது என்பதைக் காட்டப் போதுமானது. அவ்விளையாட்டைத் தொடாமலே, தாம் வாங்கிய கன்சோலின் மீதுள்ள அபிமானம் ஒன்றையே காரணமாகக் கொண்டு, அதற்குப் பூஜ்யம் மதிப்பெண் இட்டவர்கள் செய்தது அநீதி. விளையாட்டின் குறைகள் எத்தனையாக இருந்தாலும் அந்த அநீதி நியாயமாகிவிடாது.

விவகாரத்தின் வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ராக்வில் நகரிலிருந்து இயங்கும் பெதெஸ்டா கேம் ஸ்டுடியோஸ், டாட் ஹவர்ட் என்பவரின் தலைமையில், ஸ்கைரிம், ஃபால்அவுட் 4 முதலிய படைப்புகளால் உலகப் பிரசித்தி பெற்ற பின்னர், 25 ஆண்டுகளில் முதன்முறையாகப் புதியதொரு கற்பனை உலகைப் படைக்க முற்பட்டு, 2018இல் ஸ்டார்ஃபீல்டை அறிவித்தது. அது வெளிவருவதற்குள், அதன் தாய் நிறுவனமாகிய ஸெனிமாக்ஸை மைக்ரோசாப்ட் 750 கோடி டாலருக்கு விலை பேசி, 2021 மார்ச்சில் தன்வசமாக்கிக்கொண்டது. முந்தைய விளையாட்டுகளைச் சோனியின் பிளேஸ்டேஷனில் ஆடிப் பழகியவர்கள், புதியது எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் கன்சோல்களிலும் விண்டோஸ் கணினிகளிலும் மட்டுமே கிடைக்கும் என்று அறிந்து மனம் வருந்தினர். வருத்தம் இயற்கையே. ஆனால் அவ்வருத்தம், விளையாட்டு வெளியானதும், விமர்சனங்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் வாசகர் எவரும் மதிப்பெண் இடலாம் என்றிருந்த பத்தியை நோக்கி வெள்ளமாகப் பாய்ந்தது. தொழில்முறை விமர்சகர்களின் மதிப்பீடு எக்ஸ்பாக்ஸ் பதிப்புக்கு நூற்றுக்கு 83 என்றிருக்க, பூஜ்யங்கள் குவிந்து வாசகர் மதிப்பெண் தொடக்க நாட்களில் வெகுவாகச் சரிந்தது. அவற்றோடு எழுதப்பட்ட குறிப்புகள் பலவற்றில், விளையாட்டில் என்ன இருந்தது என்பதைவிட அது எந்தக் கன்சோலில் இல்லை என்பதே பெரும் பேச்சாயிருந்தது.

இவர்களுடைய செயலை எந்தப் பிரமாணத்தைக் கொண்டு அளப்பது? வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கித் துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்கினார். தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்திலோ, ஒருவனை மதிப்பிடப் புகுமுன் அவனுடைய நிறையையும் குறையையும் தனித்தனியே ஆராய்ந்து, எது மிகுந்திருக்கிறது என்று கண்ட பிறகே முடிவு கூறும்படி விதித்தார். ஆராயாதவனுக்கு முடிவு கூறும் அதிகாரமே இல்லை என்பது அவ்விதியின் உட்கிடை. காளிதாசர் தமது மாளவிகாக்நிமித்திரத்தின் முகப்பில், பாசனைப் போன்ற பழம்பெருங் கவிகள் இருக்கப் புதியவன் ஒருவனின் நாடகம் எதற்கு என்று கேட்போருக்குச் சூத்திரதாரன் வாயிலாக விடையிறுக்கையில், விவேகிகள் தாமே பரீட்சித்து ஒன்றை ஏற்பார்கள் என்றும், பிறருடைய அபிப்பிராயத்தின் பின்னால் செல்வது மூடரின் இயல்பென்றும் உணர்த்துகிறார். நியாய சாஸ்திரிகள் அறிவுக்கு வாயில்களை வகுக்கத் தொடங்கியபோது பிரத்தியட்சத்தையே முதலில் வைத்தனர். மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். அறவண அடிகள் பௌத்தக் கொள்கையைப் போதிக்கையில் அவற்றை இரண்டே இரண்டாகச் சுருக்குகிறார். அப்படிச் சுருக்கியபோதும் காட்சி என்னும் பிரமாணம் கைவிடப்படவில்லை. பத்தென்று கொண்டாலும் இரண்டென்று கொண்டாலும், தனக்குப் பிடித்த நிறுவனத்தின் போட்டியாளன் வெளியிட்டது என்பது அவற்றுள் ஒன்றாக எந்தத் தரிசனத்திலும் எண்ணப்பட்டதில்லை.

இவை அனைத்தினும் சிலப்பதிகாரம் இவ்விஷயத்தில் கூர்மையான சாட்சி. பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, விசாரணையின்றி ஒரு கட்டளை பிறப்பித்தான். அவ்வளவே அவன் செய்த பிழை. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது அவன் தன் உயிரையே அப்பிழைக்கு விலையாகக் கொடுத்தான். இளங்கோவடிகள் விசாரியாத தீர்ப்பைக் கொலைக்கு நிகராக வைத்தார் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். அந்தப் பொற்கொல்லனாவது சிலம்பைக் கண்ணால் கண்டிருந்தான்.

இனி, விசுவாசம் என்று சொல்லிக்கொள்ளப்படும் அந்த அபிமானத்தைப் பார்ப்போம். பீஷ்மரும் துரோணரும் அதர்மம் எப்பக்கம் என்று அறிந்தே துரியோதனன் பக்கம் நின்றார்கள். கர்ணன் தன் பிறப்பின் இரகசியத்தை அறிந்த பின்னும் நின்றான். செஞ்சோற்றுக் கடன் என்னும் ஒரு சொல்லால் நம் முன்னோர் அவர்களைக் குற்றஞ்சாட்டியும் கருணையோடு அணைத்தும் கொண்டனர். ஆனால் கடைக்குச் சென்று ஐந்நூறு டாலர் கொடுத்து ஒரு பெட்டியை வாங்கி வந்தவன் எவருடைய சோற்றை உண்டான்? நிறுவனமல்லவா அவன் சோற்றை உண்டது! கடன்பட்டவன் கடன் கொடுத்தவனுக்காகப் போர்க்களம் புகுந்ததைப் புராணங்கள் கண்டிருக்கின்றன. கடன் கொடுத்தவன் கடன்பட்டவனுக்காக ஆயுதம் ஏந்துவது இக்காலத்து நூதனம்.

இந்தப் பக்தி தானாக முளைத்ததும் அன்று. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் சேகா நிறுவனம் நிண்டெண்டோவின் பெயரையே கேலியாக்கி விளம்பரம் செய்தது. 1995 மே மாதத்தில், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் இ3 கண்காட்சியில், சேகா தன் சாட்டர்ன் கன்சோலின் விலையை 399 டாலர் என்று அறிவித்த அதே நாளில், சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி 299 என்ற எண்ணை மட்டும் உச்சரித்துவிட்டு இறங்கினார், அவையோர் ஆரவாரித்தனர். 2013இல், மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் பழைய விளையாட்டுத் தட்டுகளைக் கைமாற்றுவதற்கு நிபந்தனைகள் விதிக்கவிருந்த வேளையில், சோனியின் அதிகாரி ஒருவர் மற்றொருவரிடம் ஒரு தட்டை நீட்டுவதையே முழு விஷயமாகக் கொண்ட சில விநாடிப் படத்தை அந்நிறுவனம் வெளியிட்டு நகைப்பு விளைத்தது. வியாபாரிகள் தம்முள் இவ்வாறு குத்திக்கொள்வது அவர்கள் தொழில். ஆனால் அதே சோனியும் அதே மைக்ரோசாப்டும் 2019 மே மாதத்தில், இணையவழி விளையாட்டுச் சேவைகளுக்காக மேகக் கணினித் துறையில் ஒத்துழைப்பதென்று புரிந்துணர்வு செய்துகொண்டன. தலைவர்கள் கைகுலுக்கிய பின்னரும் தொண்டர்கள் மட்டும் வீதியில் மல்லுக்கு நின்றனர்.

ஒரே கன்சோலுக்கென்று விளையாட்டைப் பூட்டிவைப்பது தீதல்லவா என்று கேட்கப்படலாம். தீதென்றே கொள்வோம். அப்படியாயின் அத்தீமையின் பங்கு இரு தரப்புக்கும் உரியது. 2023 ஜூனில், மைக்ரோசாப்ட் ஆக்டிவிஷன் நிறுவனத்தை வாங்குவதை எதிர்த்து அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் சாட்சியளித்த எக்ஸ்பாக்ஸ் தலைவர் பில் ஸ்பென்சர், டெத்லூப், கோஸ்ட்வயர் ஆகிய பெதெஸ்டா விளையாட்டுகள் எக்ஸ்பாக்ஸுக்கு வராதிருக்கச் சோனி பணம் கொடுத்ததையும், ஸ்டார்ஃபீல்டும் அவ்வழியே போகக்கூடும் என்று கேள்விப்பட்டதும் ஸெனிமாக்ஸை வாங்கத் தூண்டிய காரணங்களுள் ஒன்று என்பதையும் கூறினார். அதற்கு முந்தைய மாதத்திலோ, ஸ்டார்ஃபீல்ட் பத்துக்குப் பதினொரு மதிப்பெண் பெற்றாலும் அதற்காக எவரும் தம் பிளேஸ்டேஷனை விற்றுவிடப் போவதில்லை என்று தயக்கமின்றி ஒப்புக்கொண்டவரும் அவரே. சேனாபதியே இவ்வளவு நிதானமாக இருக்கையில் காலாட்படைக்கு இத்தனை ஆவேசம் எதற்கு? ஒப்பந்தம் எழுதியவர் வேறு. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உரையாடல் வரிகளை எழுதியும் பேசியும் பதிந்தவர்கள் வேறு. அங்காடிச் சண்டைக்காகத் தச்சனின் கைவேலையை உடைப்பது எந்த நீதி நூலிலும் தண்டனையாக விதிக்கப்படவில்லை.

இந்நோய் ஒரு கட்சிக்கே உரியதன்று என்பதற்கு 2020ஆம் ஆண்டு போதிய சான்று. அப்போது பிளேஸ்டேஷன் 4க்கு மட்டும் வெளியான தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம், ஆடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேலாகும் நீண்ட படைப்பு. வெளியான சில மணி நேரத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் பூஜ்யங்கள் அதன்மேல் பொழிந்தன. அதற்கு முன்பே கதைப் பகுதிகள் கசிந்திருந்தமையும், பாத்திரங்களைப் பற்றிய பலவிதத் துவேஷங்களும் அங்கே காரணமாயின. பழிவாங்குதலின் பயனின்மையை உணர்த்த எழுந்த அக்கதையில் ஒரு பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல் வந்தது. கற்பனைப் பாத்திரம் செய்த குற்றத்துக்கு உயிருள்ள பெண் பொறுப்பாளியாக்கப்பட்டாள்.

ஸ்டார்ஃபீல்டில் குறை கண்டோர் அனைவரும் பட்சபாதிகள் அல்லர் என்பதும் சொல்லப்பட வேண்டியதே. காசு கொடுத்து வாங்கிப் பல மணி நேரம் ஆடியவர்கள், கிரகங்கள் வெறுமையாயிருக்கின்றன, இடந்தோறும் காத்திருக்க வேண்டியிருக்கிறது, ஒரே விதமான கோயில்களில் ஒரே விதமான சடங்கு திரும்பத் திரும்ப வருகிறது என்று கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் முறையிட்டனர். அதற்கு நிறுவனத்தின் தரப்பில், சந்திரனில் இறங்கியவர்களுக்கும் அங்கே ஒன்றுமில்லைதான், ஆயினும் அவர்கள் சலிப்படையவில்லை என்ற பாணியில் பதிலளித்தது சாதுரியமாகாது. முறையிட்டவர்கள் விமர்சகர்கள், அவர்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் அவர்கள் குறையென்று கண்ட அந்த வெறுமையையே சிறிது சிரத்தையுடன் நோக்குவார்க்கு வேறொன்று புலப்படும். கதை நிகழும் 2330ஆம் ஆண்டில் பூமி காற்றிழந்த பாலைவனம். அந்த மணலில் எகிப்தியப் பிரமிடு போன்ற சில சின்னங்கள் மட்டும் நிற்கின்றன. சந்திரனில் அப்பல்லோ இறங்கிய இடம் காணக் கிடைக்கிறது. சுரங்கத் தொழிலாளியாகத் தொடங்கும் ஆட்டக்காரன், ஆயிரத்துக்கு மேற்பட்ட கிரகங்களினூடே திரிந்து, வீடும் கப்பலும் தோழமையும் சேர்த்த பின்னர், இறுதியில் ஒரு வாயிலின் முன் நிறுத்தப்படுகிறான். அதனுள் நுழைந்தால் இன்னொரு பிரபஞ்சத்தில் புதிதாகத் தொடங்கலாம். ஆனால் சேர்த்த பொருளும் ஈட்டிய அன்பும் பின்னே நின்றுவிடும். நுழைவதா, தங்குவதா என்பதை விளையாட்டு விதிப்பதில்லை. அவ்வாயிலை ஏற்கெனவே கடந்தவர்கள் இருவர் எதிர்ப்படுகின்றனர்: ஒருவன் அடுத்தடுத்த பிரபஞ்சங்களை வேட்டையாடி உயிர்களைத் துச்சமாக எண்ணும் நிலைக்கு வந்துவிட்டான், மற்றவர் அவ்வாயிலை அடையத் தகுதியுள்ளவர் யார் என்று தாமே தீர்மானிக்கத் துணிகிறார். துறவைப் பற்றியும் துறவின் ஆணவத்தைப் பற்றியும் இத்தனை மணி நேரம் சிந்திக்க வைக்கும் ஒரு பொழுதுபோக்கைப் பூஜ்யம் என்பதற்கு, குறைந்தபட்சம் அவ்வாயில் வரையிலாவது சென்றிருக்க வேண்டும்.

இதற்கிடையே போரின் எல்லைகளும் மாறிவிட்டன. 2024 தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் தன் விளையாட்டுகள் நான்கைப் போட்டிக் கன்சோல்களுக்குத் தருவதாக அறிவித்தது. 2025 அக்டோபரில், எக்ஸ்பாக்ஸின் கொடியாகவே இருபதாண்டுக்கு மேல் விளங்கிய ஹேலோவின் புதுப்பதிப்பு பிளேஸ்டேஷன் 5க்கும் வரும் என்றது. எந்த வேலிக்காக இத்தனை வசைகள் பொழியப்பட்டனவோ, அவ்வேலியை அதன் உடைமையாளரே பிடுங்கிக்கொண்டிருக்கிறார்.

எஞ்சியிருப்பது பரிகாரம் ஒன்றே. 2020 ஜூலையில் மெட்டாகிரிட்டிக், ஒரு விளையாட்டு வெளியாகி 36 மணி நேரம் கழியும்வரை வாசகர் மதிப்பெண்களை ஏற்பதில்லை என்று விதி செய்தது. அது கதவைச் சிறிது நேரம் சாத்திவைத்ததேயன்றி, திறந்த பின் நுழைபவர் யார் என்று கேட்கவில்லை. ஸ்டீம் தளமோ, விளையாட்டைத் தன் கணக்கில் உடையவரை மட்டுமே எழுத அனுமதித்து, அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதையும் ஒவ்வொரு குறிப்பின் அருகிலும் பொறிக்கிறது. ஸ்டார்ஃபீல்டின்மேல் அங்கே எழுந்த கடுங்கண்டனத்துக்கு மதிப்பு உண்டானது அந்த எண்ணால்தான். மெட்டாகிரிட்டிக்கின் பூஜ்யங்களுக்கு அருகிலும் அத்தகைய ஓர் எண்ணைக் கேட்டிருந்தால், அவற்றுள் பெரும்பாலானவை எழுதப்பட்டே இரா.