பட்டம் தராத பள்ளி

புதுச்சேரி நகரத்தில், 1943இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமப் பள்ளி 1952இல் சர்வதேசப் பல்கலைக்கழக மையமாக விரிந்தது. இன்றும் அது பட்டம் தருவதில்லை. கல்வி உள்ளத்தின் மலர்ச்சிக்கு, வேலைக்கு அல்ல என்பது அதன் நிலை.

மேற்கே, புதுச்சேரி எல்லை தாண்டினால் வேறு கணக்கு. 2022 மார்ச் 1இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் திறன் மேம்பாட்டுக் கழகமும் பல்கலைக்கழகங்களும் கைகோத்து, தொழில் நிறுவனங்கள் எதிர்பார்க்கும் பாடங்களைப் பட்டப்படிப்புக்குள்ளேயே கொண்டுவந்தன.

எது தர்மம்?

கீதை பேசும் சுயதர்மம், அவரவர் இயல்பில் பிறந்த செயல். அதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிய அரவிந்தரும் செயலைத் துறக்கச் சொல்லவில்லை. பிழைப்புக்கான படிப்பை இகழ்வது சொத்துள்ளவரின் சௌகரியம்! ஆனால் சந்தையை மட்டும் கேட்டு இயல்பைக் கேட்காவிட்டால், கற்ற மென்பொருள் பழசானதும் கையில் எதுவும் மிஞ்சாது. ‘நான் முதல்வன்’ திட்டம் பள்ளி மாணவருக்கும் உயர்கல்வி வழிகாட்டுதல் தருகிறது. இயல்பை விசாரிக்க வாய்ப்புள்ள இடம் அதுதான்.