விட்ட படிப்புக்கு யார் கட்டுவது?

தொழிலாளர் வருங்கால வைப்புநிதித் திட்டத்தில் 68கே என்றொரு பத்தி உண்டு. ஏழு ஆண்டு சந்தா கட்டிய தொழிலாளி, தன் பங்கில் பாதி வரை எந்தெந்தக் காரியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதை அது சொல்கிறது. தன் திருமணம், மகன் மகள் திருமணம், உடன்பிறந்தவர் திருமணம், மகன் அல்லது மகளின் மேற்படிப்பு. அவ்வளவுதான். சொந்தக் கல்யாணத்துக்கு எடுக்கலாம், சொந்தப் படிப்புக்கு முடியாது என்பதே நிலையாக இருந்தது. 2025 அக்டோபரில் அந்த நிதியின் மத்திய அறங்காவலர் வாரியம் பதின்மூன்று விதிகளை ஒன்றாக்கி, கல்விக்காகப் பத்து முறை வரை எடுக்கலாம் என்று முடிவெடுத்தது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் பழைய பட்டியலை எழுதிய மனநிலை அதோடு போய்விடவில்லை.

அதே மனநிலையைப் பல இடங்களில் பார்க்கலாம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு கல்விக் கட்டணத்துக்கு வரிக்கழிவு தந்தது. பிள்ளைகளில் இருவருடைய கட்டணத்துக்கு, அதுவும் முழுநேரப் படிப்பாக இருந்தால் மட்டும். சம்பளக்காரர் மாலை வகுப்புக்குப் போய்த் தான் படித்ததற்குக் கட்டிய பணம் அதில் சேராது. கடன் வாங்கிப் படித்தால் வட்டிக்கு அதே சட்டத்தின் 80இ பிரிவில் சலுகை இருந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த காசைக் கட்டினால் ஒன்றும் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் கல்வி உதவித்தொகை உறுப்பினரின் மகனுக்கும் மகளுக்கும் போகிறது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் நேரில் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு. தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தவளுக்குக் கிடையாது.

ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியே நியாயம் சொல்ல முடியும். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் ஒரே எண்ணம்தான் தெரிகிறது: பிள்ளை படித்தால் அது கடமை, பெரியவர் படித்தால் அது ஆசை. கடமைக்குப் பிறர் கொடுப்பார்கள், ஆசைக்கு அவரவர் கைக்காசு. இந்தப் பிரிவினை அறமா என்பதே கேள்வி.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். அவரைப் போல அந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள். பிளஸ் டூ முடித்ததும் வேலைக்கு வந்தவர். அவர் கொண்டுவந்த சனிக்கிழமைச் சம்பளத்தில் தம்பி பாலிடெக்னிக் முடித்தான். இப்போது அவருக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர நினைக்கிறார். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் சீருடையும் வாங்க வேண்டிய அதே மாதங்களில், அதையும் மொத்தமாகக் கட்ட வேண்டும். வாரக் கடைசியில் நேர்முக வகுப்பு என்றால் அன்றைய ஒன்றரை ஷிப்ட் போயிற்று. தேர்வு நாட்களுக்கு லீவு போட்டால் அந்தச் சம்பளமும் போயிற்று. தேர்வு மையத்துக்குப் பஸ் செலவு. சிறியவனை யாரிடமாவது விட்டுப் போக வேண்டும். ரசீதில் அச்சாகும் தொகை மொத்தச் செலவில் ஒரு பங்குதான். மற்றதற்கு ரசீதே கிடையாது.

பணம் எங்கிருந்து வரும்? இவ்வளவு சிறிய தொகைக்கு, அதுவும் பகுதிநேரப் படிப்புக்கு, வங்கியின் கல்விக் கடன் பிரிவில் இடம் கிடைப்பது அரிது. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் தரவரிசையில் உயர்ந்த நிறுவனங்களில் இடம் பிடித்தவர்களுக்கானது. ஆகவே மகளிர் குழுக் கடன், சீட்டு, கடைசியில் நகைக் கடன். கம்மலை அடகு வைத்துப் படித்த பட்டதாரிகள் கொங்கு நாட்டில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

வீட்டுக்குள்ளேயே முதல் வழக்கு தொடங்கிவிடும். மகளுக்கு டியூஷன் வைக்கக் கம்மலை அடகு வைத்தால் நல்ல தாய். தன் தேர்வுக் கட்டணத்துக்கு அதே கம்மலை வைத்தால், “இந்த வயசுல உனக்கெதுக்கு இதெல்லாம்?” இந்தக் கேள்வியை மாமியார் மட்டும் கேட்பதில்லை, பல நேரம் அந்தப் பெண்ணே தன்னைக் கேட்டுக்கொள்கிறாள். இதைச் சுயநலம் என்று சொல்வது தவறு. குடும்பத்துக்காக ஏறத்தாழ இருபது ஆண்டு உழைத்தவர் தன் உழைப்பின் ஒரு சிறு பகுதியைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதற்கு யாருடைய மன்னிப்பும் தேவையில்லை. பிள்ளைக்காகச் செய்வது மட்டுமே தியாகம் என்ற பேச்சு, பெண்களின் வாழ்க்கையை அவர்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ள நீண்ட காலமாக உதவி வந்திருக்கிறது.

ஆனால் எல்லைக்கோடு இல்லாமல் இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து, விளம்பரத்தில் பார்த்த இணையவழி எம்.பி.ஏ.வில் லட்சக்கணக்கில் கட்டும் தந்தை, மகளின் பங்கைத்தான் செலவழிக்கிறார். யாருடைய பங்கிலிருந்து எடுக்கிறோம், அது திரும்பி வராவிட்டால் யார் தாங்க வேண்டியிருக்கும் என்ற இரண்டையும் பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் வழக்கு தீர்ந்துவிடும்.

பொதுப்பணம் என்று வரும்போதுதான் வாதம் கடினமாகிறது. அதன் வலுவான வடிவம் இது: அரசிடம் இருப்பது அளவான பணம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் செலவிட்டால் அதன் பலன் நாற்பது ஆண்டு வரும். முப்பத்தாறு வயதுக்காரருக்குச் செலவிட்டால் பாதிதான். இவருக்கு ஏற்கெனவே வேலையும் இருக்கிறது. பசித்தவர் இருவரில் யாருக்கு முதலில் இலை போடுவது?

இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இளையோருக்கு முன்னுரிமை வேண்டும் என்பது சரி. ஆனால் முன்னுரிமை என்பது வேறு, மற்றவருக்குக் கதவடைப்பது வேறு. தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. அந்தச் செலவை ஏற்கும் அரசு கஜானாவில் இந்தச் செக்கிங் தொழிலாளியும் பணம் போட்டிருக்கிறார். வருமான வரி கட்டுமளவு அவர் சம்பாதிக்கவில்லை; சோப்பு வாங்கும்போதும் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போதும் கட்டியிருக்கிறார். பதினெட்டு வயதில் தனக்குரிய இலவச இடத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மூன்றாண்டை உழைப்பாக வீட்டுக்கும் தொழிலுக்கும் கொடுத்துவிட்டார். இப்போது வந்து கேட்டால், அதே மாநில அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கட்டணம். அன்றே படித்த வகுப்புத் தோழிக்குக் கட்டணம் இல்லை. எந்த நியாயத்தின்படி இது சரி என்று சொல்வது? அவர் கேட்பது தர்மம் அல்ல, பாக்கி.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1971-இல் மதுரை பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தது. கல்லூரி வாசலை மிதிக்க முடியாத குமாஸ்தாக்களும் ஆசிரியைகளும் காவலர்களும் பட்டம் வாங்கியது அந்த வழியில்தான். அது பெரிய சமூகத் தொண்டு. அதே வேளையில், பல பல்கலைக்கழகங்களில் தொலைநிலைக் கல்வி இயக்ககத்தின் வரவு பகல்நேரத் துறைகளின் செலவைத் தாங்கும் வருமானமாகவும் ஆயிற்று. இரவில் படித்த தொழிலாளியின் கட்டணம் பகலில் படித்த மாணவரின் வகுப்பறைக்குப் போனது என்றால், யார் யாருக்கு உதவித்தொகை கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டணத்தோடு ஆபத்தும் அவர் தலையில்தான். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் பொறியியல் படிப்பு நடத்தியிருந்தன. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன; தொழில்நுட்பக் கல்வியின் ஒழுங்குமுறை அமைப்பான ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால்தான் மீண்டும் செல்லும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. கட்டணத்தைத் திருப்பித் தரவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டத்தின் பார்வையில் தீர்ப்பு சரியானதுதான். ஆனால் ஷிப்ட் முடிந்து வந்து கண்விழித்துப் படித்த நான்கு ஆண்டுகளை எந்தப் பல்கலைக்கழகம் திருப்பித் தரும்? ஒழுங்குமுறை அமைப்புகள் வருடக்கணக்கில் முடிவு சொல்லாமல் இருந்ததற்கு விலை கொடுத்தவர்கள் பட்டறையிலும் ஆலையிலும் இருந்தவர்கள். முதியோர் கல்விக்குப் பொதுப்பணம் செலவிட மனமில்லாவிட்டால், குறைந்தது காவல் காக்கும் கடமையாவது அரசுக்கு உண்டு. இன்றைக்கும் கடைவீதி மாடியில் “அட்மிஷன் நடைபெறுகிறது” என்று போர்டு மாட்டியிருக்கும் ஏஜென்டிடம் பணம் கொடுக்கும் முன், அந்த நிறுவனத்துக்கும் அந்தப் படிப்புக்கும் அந்த ஆண்டுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இலவசமாகக் கொடுத்தால் அக்கறை இருக்காது என்று ஒரு பேச்சு அடிக்கடி வரும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து வணிகக் கணக்கியல் படிப்பவரிடம், அக்கறையைக் காட்டப் பணமும் கட்டு என்று கேட்பது கொடுமை. தூக்கத்தை அவர் ஏற்கெனவே கட்டிவிட்டார். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்க வந்த பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அவர்களிடம் யாரும் கட்டணம் வாங்கவில்லை. அக்கறைக்கு அங்கே குறைவிருந்ததா? எழுத்தறிவுவரை இலவசம் என்று ஒத்துக்கொண்ட நாடு, அதற்கு அடுத்த படியில் கை விரிப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

எல்லாப் படிப்புக்கும் எல்லாருக்கும் அரசே கட்ட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. முதல் பட்டம் வாங்காதவரும், ஏற்கெனவே ஒரு பட்டத்தோடு பதவி உயர்வுக்காக இன்னொன்று படிப்பவரும் ஒன்றல்ல. இரண்டாமவருக்குக் கடனோ முதலாளியின் பங்கோ போதும். மத்திய அரசு தன் ஊழியர்கள் பணியிலிருந்தபடி கூடுதல் தகுதி பெற்றால் 10,000 முதல் 30,000 ரூபாய் வரை ஒரே தவணையில் தர 2019-இல் ஆணையிட்டது. நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் உள்ளவர் படிப்பது நாட்டுக்குப் பயன் என்றால், அமைப்புசாராத் தொழிலாளி படிப்பது மட்டும் அவர் சொந்த விஷயமாகிவிடுமா?

முன்மாதிரி இல்லாமலும் இல்லை. சிங்கப்பூர் தன் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 25 வயதைத் தொட்ட குடிமக்கள் ஒவ்வொருவர் பெயரிலும் 500 வெள்ளி வைத்தது; 2024 மே மாதம் 40 வயதைத் தொட்டவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி சேர்த்தது. வயது ஏறியவருக்குத்தான் கூடுதல். பணக்கார நாடு, செய்ய முடிகிறது என்று சொல்லலாம். இங்கேயும் விதைகள் உண்டு. சிறைவாசிகளுக்கும் திருநங்கையருக்கும் தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ கட்டணம் வாங்குவதில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் 2010-ஆம் ஆண்டு விதிகள், வருமான வரம்புக்குள் இருக்கும் வேலைக்காரருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரவும், அஞ்சல்வழியில் படிப்பவருக்குப் புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் தரவும் இடம் வைத்தன. ஆனால் அதே விதிகளின்படி, வேலையில் இருப்பவர் முழு உதவித்தொகை பெற வேண்டுமானால் படிப்புக் காலம் முழுவதும் சம்பளமில்லா விடுப்பு எடுத்து முழுநேரமாகப் படிக்க வேண்டியிருந்தது. சம்பளத்தை நம்பி வாழ்பவரிடம் சம்பளத்தை விடு, பணம் தருகிறேன் என்று சொல்லும் உதவி, அவர் கைக்கு எட்டாத உதவி.

செய்ய வேண்டியது பெரிய சட்டத்திருத்தம் கூட இல்லை. முதல் பட்டம் படிக்கும், வருமான வரம்புக்குள் உள்ள எவருக்கும், வயது பார்க்காமல், மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கட்டணத்தை விட்டுத்தர வேண்டும். அந்த இழப்பை அரசு ஈடுசெய்ய வேண்டும். நல வாரியங்கள் “மகன், மகள்” என்று எழுதியிருக்கும் இடத்தில் “உறுப்பினர்” என்பதையும் சேர்க்க வேண்டும். தேர்வு நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுப்பது எந்தக் கம்பெனியையும் சாய்த்துவிடாது.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவர்களும் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் கல்வி அறக்கட்டளைகள், சங்கங்கள், பழைய மாணவர் மன்றங்கள் உதவித்தொகை கொடுக்கின்றன. அவற்றின் விண்ணப்பத்தில் பெரும்பாலும் ஒரு வயது வரம்பும், முழுநேர மாணவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். யாரோ எப்போதோ எழுதிய வரிகள் அவை. அப்படியொரு அறக்கட்டளையில் பொறுப்பிலிருப்பவர்கள் வரும் கல்வியாண்டுக்கான விண்ணப்பத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட வேண்டும்.