பிள்ளைகளைக் கேட்டார்களா?

சி ரூசா தோட்டப் பக்கம் ஒரு குடும்பம் பிரிந்தால் ஊரார் கேட்பது, "பிள்ளைங்க யாருகிட்ட?" என்பதுதான். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்பவர் குறைவு.

மலேசிய இஸ்லாமியக் குடும்பச் சட்டம் அதைக் கேட்கிறது. பிள்ளை வளர்ப்புப் பொறுப்பான ஹதானாவில் முதல் உரிமை தாய்க்கு. ஆண் பிள்ளைக்கு 7 வயது, பெண் பிள்ளைக்கு 9 வயது வரை அது நீடிக்கும். நீதிமன்றம் 9, 11 வயது வரை நீட்டிக்கலாம். அதன்பின், நீதிமன்றம் வேறு உத்தரவிடாத வரை, யாருடன் வாழ்வது என்பதைப் பிள்ளையே சொல்லலாம். பிள்ளை தாயிடம் வளர்ந்தாலும் செலவு தந்தையின் கடமை. பிள்ளையைப் பார்த்துவர மற்றப் பெற்றோரும் உத்தரவு பெறலாம்.

சட்டம் இருந்தும் மனிதர் தவறிய வழக்கு நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே நடந்தது. தீபா சுப்பிரமணியம் என்ற இந்துப் பெண்ணின் கணவர் 2012இல் இஸ்லாத்தைத் தழுவினார். அது அவர் உரிமை. ஆனால் தாய்க்குத் தெரியாமல் இரண்டு பிள்ளைகளையும் மதம் மாற்றினார். 2013இல் சிரம்பான் ஷரியா நீதிமன்றம் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்தது. 2014 ஏப்ரல் 7 அன்று சிரம்பான் உயர்நீதிமன்றமோ அவர்களைத் தாயிடம் ஒப்படைத்தது. இரண்டே நாளில் ஜெலுபுவிலிருந்த தாய் வீட்டிலிருந்து 6 வயது மகனைத் தந்தை தூக்கிச் சென்றார். இரண்டு நீதிமன்றம், இரண்டு உத்தரவு. எதைச் செயல்படுத்துவது என்று காவல்துறை கையைக் கட்டி நின்றது.

2016 பிப்ரவரி 10 அன்று கூட்டரசு நீதிமன்றம் பிள்ளைகளிடம் பேசிவிட்டு, மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் விட்டது. பிள்ளைகளைக் கேட்டது சரிதான். ஆனால் ஏறக்குறைய இரண்டு ஆண்டு தந்தையிடமே வளர்ந்த சிறுவன் வேறு யாரைச் சொல்வான்? தூக்கிச் சென்றவருக்கே காலம் துணை நின்றது. அக்காளும் தம்பியும் பிரிந்தார்கள்.

இதேபோல் கணவர் மதம் மாறிய ஈப்போ தாய் இந்திரா காந்தியின் வழக்கில், பிள்ளையை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று 2018 ஜனவரி 29 அன்று தீர்ப்பு வந்தது. 2009இல் 11 மாதக் குழந்தையாகத் தந்தை கொண்டுபோன மகள் அன்றும் அந்தத் தாயிடம் திரும்பவில்லை.

மணமுறிவு பாவமில்லை. பிள்ளையைக் காட்டித் துணையைப் பழிவாங்குவது பாவம். சந்திப்பு நாளில் சட்டை மாற்றிக்கொண்டு பிள்ளை வாசலில் காத்திருக்கும், வண்டி வராது. அந்த ஏமாற்றத்துக்கு எந்த மதமும் அனுமதி தரவில்லை. இந்துவோ முஸ்லிமோ, சந்திப்பு நாளில் பிள்ளையை அனுப்பி வையுங்கள். பார்க்க வேண்டியவர்களே, சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.